தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகிய ஆங்கிலம்

என் பாஸ்போர்ட்டில் இதுவரை ஒரு முத்திரைகூட விழவில்லை. எடுத்து நான்கு வருடமாகிறது, பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாகத் தூங்குகிறது. ஆனால் வாரத்தில் ஐந்து ராத்திரியும் வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, இருபது முப்பது அமெரிக்கர்களோடு ஆங்கிலத்தில் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்: "எந்த கிளாஸுக்குப் போன? எத்தனை மாசம்?" நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன், ஏனென்றால் உண்மையான பதில் கொஞ்சம் நீளம், அதில் பாதி கேட்கவே கேணத்தனமாக இருக்கும். அந்தப் பாதியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இது.

நான் படித்தது அருப்புக்கோட்டை பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் வழி. 2014இல் பிளஸ் டூ ஆங்கிலத்தில் 200க்கு 168. நல்ல மார்க்தான். கட்டுரை மனப்பாடம், பாரா மனப்பாடம், செய்யுள் மனப்பாடம், லீவ் லெட்டர்கூட மனப்பாடம். ராமன் ராவணனைக் கொன்றான் என்று கொடுத்தால், ராவணன் ராமனால் கொல்லப்பட்டான் என்று ஒரு நொடியில் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பேன். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்று சொல்லச் சொன்னால் வாய் வராது.

இந்த லட்சணத்தில் எஞ்சினியரிங் சேர்ந்து மூன்று வருடம் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் ஓட்டினேன். நான்காம் வருடம் கேம்பஸ் இன்டர்வியூ. உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்பார்கள் என்று தெரியும், அதையும் மனப்பாடம் செய்துதான் போயிருந்தேன். நாலாவது வரியில் அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தி, சிரித்துக்கொண்டே, காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். ரவா உப்புமா. உப்புமாவுக்கு ஆங்கிலம் என்ன என்று தேடப் போனவள் திரும்பி வரவே இல்லை. உப்புமாவை உப்புமா என்றே சொல்லியிருக்கலாம் என்பது வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அப்பாவுக்கு இரண்டு விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் காதில் கத்தினால்கூடச் சரியாக விழாது, எங்கள் ஊரில் பாதிப் பேர் உரக்கப் பேசுவதே அதனால்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தச் சத்தம்தான் வசதியாகப் போயிற்று. தப்பாகப் பேசினால் கேட்டுச் சிரிக்க ஆள் கிடையாது, ஏன், எனக்கே நான் பேசுவது அரைகுறையாகத்தான் கேட்கும். அதனால் வெட்கம் என்ற ஒன்று அங்கே வேலை செய்யவில்லை. தறிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணில் படுவதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா நிற்கிறார். அப்பா நூலைப் பார்க்கிறார். நூல் அறுந்துவிட்டது. அப்பா தறியை நிறுத்துகிறார்.

தறி நின்றதும் என் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். மூன்றாம் நாளோ என்னவோ அப்பா திரும்பிப் பார்த்து, "யாருகிட்ட தாயி பேசிக்கிட்டு இருக்க?" என்றார். சும்மாதான்ப்பா என்றேன். அவர் அம்மாவிடம் போய் என்ன சொன்னாரோ தெரியாது, அன்றைக்கு சாயங்காலம் எனக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

இந்தப் பைத்தியக்கார வேலையில் எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. முதலாவது, எனக்கு இலக்கணம் பற்றாக்குறை இல்லை, அன்றாடச் சொற்கள்தான் இல்லை. ஒளிச்சேர்க்கைக்கு ஆங்கிலம் தெரியும், நூல் 'அறுந்தது' என்பதற்குத் தெரியாது. கட் ஆயிடுச்சு என்றுதானே நாம் சொல்வோம்? ஸ்னாப் என்ற சொல்லை அன்றைக்குத்தான் தேடிப் பிடித்தேன். அப்பா நாடா என்பது ஷட்டில், பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) என்பது வார்ப், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) என்பது வெஃப்ட். இதில் பாதியை அதற்கப்புறம் எங்கேயும் பயன்படுத்தியதில்லை, ஆனால் இன்றைக்கும் மறக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். தமிழில் வினை கடைசியில் வரும். 'நேற்று சந்தையில் நம்ம வீட்டுக்கு எதிரே குடியிருந்த அந்த அம்மாவை' என்று எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகுதான் 'பார்த்தேன்' என்று இறக்கி வைப்போம். நான் அந்த முழு வாக்கியத்தையும் மண்டைக்குள் தமிழில் கட்டி, அதைத் தலைகீழாகப் புரட்டி, அப்புறம் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஆங்கிலத்தில் அப்படிக் காத்திருக்கவே வேண்டாம். நான் பார்த்தேன், ஒரு அம்மாவை, எதிர்வீட்டில் இருந்தவர், சந்தையில், நேற்று என்று ஒவ்வொன்றாகப் பின்னால் கோத்துக்கொண்டே போகலாம், வாக்கியம் எங்கே முடியும் என்று தெரியாமலேயே ஆரம்பிக்கலாம். யார், என்ன செய்தார், இந்த இரண்டையும் முதலில் வெளியே தள்ளிவிட்டால் மீதியை யோசிக்க நேரம் கிடைக்கும். பள்ளியில் எழுவாய் பயனிலை செயப்படுபொருள் என்று பலகையில் எழுதிப் போட்டதும் இதைத்தான். ஆனால் பேசுகிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று யாரும் சொல்லவில்லை.

நடுவில் ஒரு கிளாஸுக்கும் போனேன், மறைப்பானேன். ஊர் பெயர் வேண்டாம். 8,000 ரூபாய், இரண்டு மாதம். ஒரு அறையில் நாற்பது பேர், ஒரு மணி நேரம். அதில் பாதி நேரம் பன்னிரண்டு காலங்களையும் பலகையில் எழுதுவார்கள், அது எனக்கு ஏழாம் வகுப்பிலேயே மனப்பாடம். மீதி அரை மணியை நாற்பது பேருக்குப் பங்கு போட்டுப் பாருங்கள், ஒரு ஆளுக்கு முக்கால் நிமிடம். நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று குளத்தங்கரையில் உட்காரவைத்துத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுப்பது மாதிரிதான். அப்பா தறி ஓட்டிச் சேர்த்த காசு என்பதால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

2018இல் சென்னையில் மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் ஏ.ஆர். காலர் வேலை கிடைத்தது. தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்பும். பணம் வராது, அல்லது குறைத்து வரும். ஏன் வரவில்லை என்று அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இங்கிருந்து போன் போட்டுக் கேட்பது எங்கள் வேலை. அவர்களுக்குப் பகல், எங்களுக்கு ராத்திரி. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் எங்கள் கேப் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து வாசலில் ஹாரன் அடிக்கும்.

இந்த வேலையின் அழகு என்னவென்றால் எல்லா போனிலும் ஒரே பேச்சு. ஆஸ்பத்திரியின் டாக்ஸ் ஐ.டி., டாக்டரின் பத்து இலக்க அடையாள எண்ணான என்.பி.ஐ., நோயாளியின் மெம்பர் ஐ.டி., பிறந்த தேதி (மாதத்தை முதலில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆளே மாறிவிடுவார்), சிகிச்சை நடந்த தேதி, பில் தொகை. அப்புறம் க்ளெய்ம் என்ன ஆயிற்று, ஏன் மறுத்தீர்கள், அப்பீலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள், கடைசியாக இந்த காலுக்கு ஒரு ரெஃபரன்ஸ் நம்பர். ஒரு ராத்திரிக்கு இருபது தடவை இதையே பேசினால் ஒரு மாதத்தில் நாக்கு தானாக ஓடும். நான் ஆங்கிலம் கற்றேன் என்று சொல்ல மாட்டேன், இந்த ஒரே ஒரு பேச்சைக் கற்றேன். ஆனால் இந்த ஒரு பேச்சில் நான் யோசிக்காமல் பேசினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. ஆங்கிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை, இல்லை உங்கள் சமையல், இல்லை கிரிக்கெட். அதைப் பற்றி மட்டும் தடுமாறாமல் பேச வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

தடுமாறாமல் பேசினேன், சரி. எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா? இரண்டாம் மாதமே வந்தது வினை. ஒரு க்ளெய்மில் 115 டாலர் என்று அந்தப் பெண் சொன்னதை நான் 150 என்று குறித்து வைத்துவிட்டேன். தரம் பார்ப்பவர்கள் ரெக்கார்டிங்கைக் கேட்டுப் பிடித்துவிட்டார்கள், மார்க் போயிற்று. எங்கள் டி.எல். (டீம் லீடர்) அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதையே பத்து தடவை ஓடவிட்டார். "நல்லா கேளும்மா. டீன்னா கடைசி நீளும், அழுத்தமும் அங்கதான். டின்னா முன்னாடியே அழுத்திட்டு கடைசிய விழுங்கிடுவாங்க." ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. அதுவரை எனக்கு இரண்டும் ஒரே தாளத்தில்தான் கேட்டது, ஏனென்றால் தமிழில் நாம் ஒரு சொல்லின் ஒரு அசையை மட்டும் அழுத்தி அர்த்தத்தை மாற்றுவது கிடையாது. ஆங்கிலக்காரர் காது அந்த அழுத்தத்தைத்தான் முதலில் தேடுகிறது. டெவலப் என்று நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்கள் டிவெலப் என்று நடுவில் அழுத்துகிறார்கள். ஃபோட்டோகிராஃப் என்பதற்கு முதலில் அழுத்தம், அதையே எடுக்கிற ஆள் என்றால் அழுத்தம் இரண்டாவது அசைக்குத் தாவி ஃபடாக்ரஃபர் ஆகிவிடுகிறது. ஒரு புதுச் சொல்லைக் கற்றால் அழுத்தம் எங்கே என்று சேர்த்தே கற்றுக்கொள்வது அந்த 115 டாலரில் ஆரம்பித்த பழக்கம்.

மற்ற தப்புகளுக்கெல்லாம் காரணம் எங்கள் தமிழ் ஐயா நடத்திய இலக்கணத்திலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. தமிழில் வல்லின மெய் சொல்லுக்குக் கடைசியில் வராது. அதனால்தான் பஸ் பஸ்ஸு ஆகிறது, லைட் லைட்டு ஆகிறது, கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டவைக்காமல் நம் வாய் மூடாது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலிலும் வராது, ஆகவே ஸ்கூல் இஸ்கூல். ரயிலையே இரயில் என்று எழுதிய பரம்பரை. எகரத்தில் ஆரம்பித்தால் யகரம் வந்து ஒட்டும், எம் என்ற எழுத்து யெம் ஆகும். ஒகரத்துக்கு வகரம், ஒன்லி வொன்லி. க-வும் நம் எழுத்தில் ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், அதனால் பேக் என்று சொன்னால் பையா முதுகா என்று அவர்களுக்குக் குழப்பம். இதில் எதுவும் அறியாமை கிடையாது, நம் வாய் தமிழ் இலக்கணத்துக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டு நடக்கிறது, அவ்வளவுதான். இது தெரிந்ததும் எனக்கிருந்த தாழ்வு மனப்பான்மை பாதி போய்விட்டது. எந்த இடத்தில் வழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே மட்டும் கால் ஊன்றி நடந்தால் போதுமே.

உச்சரிப்பை முழுசாக மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. 2007இல் அப்துல் கலாம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியதை யூடியூபில் பாருங்கள். அச்சு அசல் ராமேஸ்வரத்து ஆங்கிலம், நடுவில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' வேறு. கடைசியில் மொத்த அவையும் கைதட்டுகிறது. எதிரில் இருப்பவர் 15ஐ 50 என்று எடுத்துக்கொள்கிற இடங்களைத் திருத்தினால் போதும், மீதி நம் ஊர் வாசனை, இருந்துவிட்டுப் போகட்டும். போனில் மூக்கால் அமெரிக்கன் மாதிரி பேசுகிறவர்களை எங்கள் ஃப்ளோரில் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் அவர்களிடம்தான் "கம் அகெய்ன்?" என்று அதிகம் கேட்கிறார்.

என் ஆங்கிலம் எவ்வளவு குறுகலானது என்று ஒரு பனிக்கால ராத்திரியில் தெரிந்தது. எதிர்முனையில் ஒரு வயதானவர், அவருடைய கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தது. காத்திருக்கும் நேரத்தில், இங்கே விடிகாலையிலிருந்து பனி கொட்டுகிறது, நாய் வெளியே போகவே மாட்டேன் என்கிறது, உங்கள் பக்கம் எப்படி என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு மண்டை காலி. சார், ப்ளீஸ் கிவ் மீ த க்ளெய்ம் நம்பர் என்றேன். பாவம் மனிதர், கப்சிப் ஆகிவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அதற்கப்புறம்தான் ஹாஸ்டலில் என் ரூம்மேட்டோடு ஒப்பந்தம் போட்டேன். தினமும் ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் மொட்டை மாடியில் இருபது நிமிடம், ஆங்கிலத்தில் மட்டும் பேச்சு. ஏன் மாடி என்றால், கீழே பேசினால் "பீட்டர் விடுறாளுங்க" என்று உடனே ஒரு குரல் வரும். இந்த ஒரு சொல் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் தெரியும். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சரியாகப் பேசினால் பீட்டர் என்பார்கள், ஆக மொத்தம் பேசாமல் இருப்பதுதான் மரியாதை. எங்கள் ஒப்பந்தத்தில் ஒரே விதி, பேசுகிறவரை நடுவில் திருத்தக் கூடாது. சொல் கிடைக்கவில்லையா, தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே போ, அப்புறம் தேடிக்கொள்ளலாம். முதல் வாரம் இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் சிரிப்புதான். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் நான்கு நாள் பேசினோம்.

அங்கேதான் 'வந்து' பிரச்சினையும் தீர்ந்தது. தமிழில் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் வந்து, அதாவது வந்து என்று இழுப்போம். ஆங்கிலத்தில் எனக்கு அப்படி ஒரு வந்து இல்லாததால் பேச்சு பொட்டென்று நின்றுபோகும், நின்றதும் பயம் வரும். வெல், ஐ மீன், லெட் மீ சீ என்று மூன்றை வேண்டுமென்றே பழகிக்கொண்டேன். யாரும் பாடத்தில் சொல்லித் தராத சொற்கள், ஆனால் சரளம் என்று மற்றவர்கள் நினைப்பதில் பாதி இதுதான்.

காதைப் பழக்க என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்திருக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது, அதற்கு முன்னால் ஒரு ஜிபியை மாதம் முழுக்க வைத்துக் குடும்பம் நடத்தியவள் நான். முதலில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான செய்திகள். 1959லிருந்து அவர்கள் சுமார் 1,500 சொற்களை மட்டும் வைத்து, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வாசித்து வந்த நிகழ்ச்சி அது, பழைய ஒலிப்பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம் பி.பி.சி.யின் ஆறு நிமிட நிகழ்ச்சி. ஹர்ஷா போக்ளே கிரிக்கெட் வர்ணனை. கிரிக்கெட்டில் பந்து என்ன ஆனது என்று கண்ணுக்கே தெரிகிறது, அதனால் பேச்சின் அர்த்தம் இலவசம். கேட்பதோடு விடவில்லை. ஒரே ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்து, காதில் மாட்டிக்கொண்டு, அவர் பேசப் பேச நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே நானும் பேசுவேன். முதல் பத்து தடவை மூச்சு வாங்கும். இருபதாவது தடவை அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ நானும் அங்கேயே விடுவேன். வாரத்துக்கு ஒரு நிமிடம், அவ்வளவுதான், வருடத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மூன்று மணி நேரம் சப்டைட்டிலோடு சீரிஸ் பார்த்ததைவிட இதில்தான் எனக்கு லாபம் அதிகம்.

என் குரலை நானே ரெக்கார்ட் செய்து கேட்பதை மட்டும் ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் முதன்முதலில் பதிவு செய்த ஒன்று இன்னும் போனில் இருக்கிறது, அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் தூரத்தில் தறி ஓடுகிறது.

இப்போது என் சித்தி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, தமிழ் வழிதான், காலேஜ் சேரப் போகிறாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் செய்வாள், கால் மணி நேரம் ஆங்கிலம். ஒரு விஷயத்தைப் பிடி என்று சொன்னதற்கு அவள் சமையலைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் அடுப்பில் புளிக்குழம்பு. புளியை ஊறவைத்தாள், கரைத்தாள், வெங்காயம் நறுக்கினாள், கொதிக்கவிட்டாள், எல்லாம் தட்டுத் தடுமாறியாவது வந்தது. பிறகு ஒரு பெரிய அமைதி. பின்னால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. நானும் யோசிக்கிறேன், க்ளெய்ம், அப்பீல், டினையல் எல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது, இதற்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

"வெல்," என்றாள் அவள், நான் சொல்லிக்கொடுத்தபடி இழுத்து. "வெல், நௌ ஐ ஆம் தாளிச்சிங், அக்கா."